மாதிரிக் குப்பி யாருக்காக

மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து கொட்டும் மழையில் வந்த ஒரு தாய்க்கு, பூட்டி வைத்திருந்த மாதிரிக் குப்பிகளை எடுத்துக் கொடுத்தோமே, அது சரிதானா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சரிதான் என்று முடிவு செய்துகொண்டு படுப்பேன். காலையில் பால் காய்ச்சும்போது இல்லை என்று தோன்றிவிடும்.

முப்பது வயது தாண்டியதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வேறு எப்படிச் சொல்வது? குழித்துறைக்கு அருகில் ஏத்தங்காய்ப் பொடி செய்யும் ஒரு சிறிய இடத்தில், படிப்பு முடிந்த கொஞ்ச நாளிலிருந்து மகள் பிறக்கும்வரை வேலை பார்த்தேன். இனித் திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் அஜிதா என்ற பெண் அடிக்கடி போன் செய்து சந்தேகம் கேட்பாள். சமீபத்தில் ஒரு நாள், "எக்கா, நீங்க பாத்ததயெல்லாம் எங்கயாவது எழுதிப் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் உங்களையே நச்சரிச்சிட்டுக் கெடக்கேன்" என்றாள். அதனால் எழுத உட்கார்ந்தேன். அவளுக்குப் பயன்படுமா என்று தெரியவில்லை.

வெளியூரில் நேந்திரன் என்பதைத்தான் நாங்கள் ஏத்தன் என்கிறோம். நன்றாக முற்றிய, பழுக்காத காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெயிலில் காயவைத்து, அரைத்துச் சலித்தால் பொடி. தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறு மாதம் ஆன குழந்தைக்கு ஊட்டத் தொடங்குவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் அதிகமான பிறகு பலரும் கடையில்தான் வாங்குகிறார்கள். வாங்குகிறவளுக்கு எங்கள் முகம் தெரியாது. பொட்டலத்தைத் திறந்ததும் வரும் மணமும், கூழின் நிறமும், பிள்ளை அதை விழுங்குகிற விதமும்தான் தெரியும். அவை போன தடவை மாதிரியே இருந்தால் மறுபடி வாங்குவாள். ஒரே ஒரு தடவை மாறினால் காரணம் கேட்கமாட்டாள். பக்கத்தில் இருக்கும் வேறு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நான் நாகர்கோவிலில் உணவியல் படித்தேன். அதன் பிறகு ஒரு பிரட் கம்பெனியில் சில மாதம் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்டது கையுறை போடுவதும் கையெழுத்துப் போடுவதும்தான். பொடிக்கு வந்த பிறகுதான் வேலை என்ற ஒன்று தொடங்கியது.

அந்த இடத்தை நடத்துகிறவர் லீலாபாய். நாங்கள் அக்கா என்போம். வளைகுடா நாட்டில் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லியும் பார்த்ததில்லை. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். அவர் கண்ணாடியில் கை வைத்தாலே, கேட்க வந்தவர் பாதியில் பேச்சை நிறுத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாழைக்குலை கொண்டுவரும் வியாபாரி ஒருவர், "எக்கா, மொதல்ல அந்தக் கண்ணாடிய விடுங்க, பொறவு பேசுவோம்" என்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பொட்டலம் போடத் தொடங்கும் முன், முந்தின நாள் அரைத்த பொடியில் கூழ் காய்ச்ச வேண்டும். அதே பாத்திரம், அதே அகப்பை, அதே அளவு தண்ணீர். உப்பு கிடையாது, இனிப்பு கிடையாது. அங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சம் குடிக்க வேண்டும். முற்றம் பெருக்குகிறவர், வேன் ஓட்டுகிறவர் எல்லோரும்தான். யாராவது ஒருவர் "இது வேற மாதிரி இருக்கு" என்று சொன்னால் அன்று பொட்டலம் போடுவதில்லை. சொன்னவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி கிடையாது. ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் என் மேசையில் இருந்தது. சோதனைச் சாலைக்கும் அனுப்புவோம். அதற்கெல்லாம் முன்னால் இந்தக் கூழ்.

பொட்டலம் போடும் செல்லத்தங்கம் அக்காவுக்கு இந்தக் கூழ் மேல் பெரிய வருத்தம்.

"ஏட்டி, நீ படிச்சவதானே? சீனி இல்லாம இதத் தின்னுத் தின்னு எனக்க நாக்கு பிள்ளைக்க நாக்கா ஆயிப்போச்சு. வீட்டுல மீன்கறி வச்சா உப்பு பாக்கத் தெரியல்ல. அவியளு தட்டத் தள்ளி வைக்காவ" என்பார்.

"நீங்கதான் நேத்து வேற மாதிரி இருக்குண்ணு சொன்னீங்க."

"சொன்னேன். இருந்துச்சு, சொன்னேன். இல்லண்ணா சொல்லுவேனா?"

இரண்டாவது வழக்கம் மாதிரிக் குப்பி. ஒரு நாளில் அரைத்தது ஒரு பேட்ச். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் கொஞ்சம் பொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, மூடியில் மெழுகு வைத்து, மேலே நாளும் கையெழுத்தும் போட்டு அலமாரியில் பூட்டி வைப்போம். அந்தப் பொட்டலங்களின் காலாவதி நாள் கடக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சாவி என்னிடம். எங்காவது புகார் வந்தால் அதே பேட்சின் குப்பியை, புகார் சொன்னவர் முன்னாலேயே உடைத்துக் காட்டுவோம். நான் சேர்ந்த புதிதில் குழித்துறைச் சந்தைக் கடையில் வாங்கிய பொடியில் வண்டு இருந்தது என்று ஒருவர் கோபமாக வந்தார். லீலாபாய் அக்கா அவரை உட்காரவைத்துக் குப்பியை அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. பிறகு அவரையும் என்னையும் அந்தக் கடைக்கு அழைத்துப் போனார். எங்கள் பொட்டலங்கள் திறந்து கிடந்த பச்சரிசி மூட்டையின் மேல் அடுக்கப்பட்டிருந்தன. அரிசியில் வண்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அடுக்கை மாற்றினார். வந்தவருக்கு வேறு பொட்டலம் கொடுத்தோம். அவருடைய அடுத்த பிள்ளைக்கும் எங்கள் பொடிதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு பொட்டலத்தின் பின்புறம், "இந்தப் பொடியின் மாதிரி எங்களிடம் உள்ளது" என்று ஒரு வரி அச்சடிக்கத் தொடங்கினோம். தாய்மார்கள் அந்த வரியைப் பற்றிப் போனில் கேட்பார்கள். "உண்மையிலேயே வச்சிருப்பீங்களா?" "வச்சிருக்கோம், வந்து பாக்கலாம்" என்பேன். யாரும் வரமாட்டார்கள். வந்து பார்க்கலாம் என்று சொன்னதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இனி அந்த மழைக்கு வருகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் மழை எப்போதும் உண்டு. முன்கூட்டியே காயவைத்து இருப்பு வைத்துக்கொள்வோம். அந்த வருஷம் மழை முன்னதாகவே தொடங்கி, நிற்கவே இல்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட எங்கள் உலர்த்தும் கூடாரத்துக்குள் நறுக்கிய காய் காயாமல் புளிக்கத் தொடங்கியது. அதை எருக்குழியில் கொட்டினோம். இருப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. தெரிந்த ஒருவரிடம் மின்சார உலர்த்தி இருந்தது. அங்கே கொண்டுபோய்க் காயவைத்து வந்து அரைத்தோம். ஈரப்பதம் சரியாக இருந்தது. பிறகு வந்த சோதனைச் சாலை அறிக்கையிலும் குறை ஒன்றும் இல்லை. அரைத்த மறுநாள் காலையில் கூழ் காய்ச்சினோம். செல்லத்தங்கம் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"வறுத்த மணம் அடிக்கு. நெறமும் மங்கலா இருக்கு. நம்ம பொடியில்ல இது."

லீலாபாய் அக்கா குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

கடைகளின் அவசரத்துக்காக வழக்கத்தை மீறி முந்தின மாலையே பொட்டலம் போட்டிருந்த கொஞ்சத்தையும் சேர்த்து மொத்தமும் ஒரு மூலையில் அடுக்கப்பட்டது. கடைகளுக்குப் போன் செய்து, வெயில் வரும்வரை பொடி இல்லை என்று நான்தான் சொன்னேன். "பொடி பொடிதானே மக்ளே, என்னத்தையாவது தந்து விடு" என்று கெஞ்சினார் குழித்துறைக் கடைக்காரர். நான் படித்த பாடத்தின்படி அந்தப் பொடியில் ஒரு குறையும் இல்லை. அதை அக்காவிடம் சொன்னேன். "நீ சொல்லுதது சரி" என்றார். அடுக்கு மட்டும் நகரவில்லை.

அப்படியிருந்த ஒரு நாள் முற்பகலில் அந்தப் பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். தோளில் ஒரு ஆண் குழந்தை, துண்டால் சுற்றியிருந்தது. மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். பொட்டலத்தில் இருந்த முகவரியைக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததாகவும், அதன் பிறகு கஞ்சி, மட்டிப்பழம், இட்லி எதையும் வாயில் வாங்கமாட்டேன் என்பதாகவும், எங்கள் பொடிக் கூழ் ஒன்றைத்தான் குடித்துக்கொண்டிருந்ததாகவும், அதுவும் தீர்ந்துவிட்டதாகவும் மூச்சு வாங்கச் சொன்னாள். எனக்கென்று ஒரு குழந்தை இல்லாத காலம் அது, இவ்வளவு பதற்றம் எதற்கு என்றுதான் தோன்றியது. குழந்தை மெலிந்திருந்தது, ஆனால் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பொடி மீதமிருக்கக்கூடிய கடைகளுக்கெல்லாம் போன் செய்து பார்த்தேன். எங்கும் இல்லை. அதற்குள் அவள் கதவு வழியாக மூலையில் இருந்த அடுக்கைப் பார்த்துவிட்டாள்.

"அன்னா அடுக்கி வச்சிருக்கியளே! அது யாருக்கு?"

"அது விக்கிறதுக்கு இல்லைங்க."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"பின்ன?"

லீலாபாய் அக்கா வந்து அவளை உட்காரச் சொன்னார்.

"கெட்டுப்போச்சுண்ணு நான் சொல்லல்ல மக்ளே. நீ இத்தன நாளும் பிள்ளைக்குக் குடுத்தது இதில்ல. அதத்தான் சொல்லுதேன்."

"எனக்க பிள்ளைக்குக் கவரும் பேரும் தெரியுமா? வயிறு நெறஞ்சாப் போரும். தாருங்கோ."

"செரி. அவனே சொல்லட்டு" என்றார் அக்கா.

மூலையில் இருந்ததில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, காலைக் கூழ் பாத்திரத்தில், அதே அளவு தண்ணீரில் செல்லத்தங்கம் அக்கா காய்ச்சினார். ஆறவைத்து அந்தத் தாயிடம் கொடுத்தார். குழந்தை வாயைத் திறந்தது. உள்ளே போனதை நாக்கால் மெதுவாக வெளியே தள்ளியது. அவள் வழித்து மறுபடி வைத்தாள். மறுபடியும் தள்ளியது. மூன்றாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழத் தொடங்கியது.

"பாத்தியளா" என்றார் செல்லத்தங்கம் அக்கா. "நம்ம எல்லாரையும் விடப் பெரிய ஆபீசரு. கையெழுத்து ஒண்ணுதான் போடல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள். லீலாபாய் அக்கா சிறிது நேரம் குழந்தையைப் பார்த்தார். வார்டில் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க, கைவிரலால் அதன் வயிற்றுத் தோலை லேசாகப் பிடித்து விட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சாவிய எடு."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அலமாரியில் கடைசி வெயிலில் காய்ந்த பேட்சுகளின் குப்பிகள் இருந்தன. அவைதான் சரியான பொடி. அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

"அக்கா, அது மாதிரிக் குப்பி. அந்த பேட்ச் இப்பவும் வீடுகள்ல இருக்கு. நாளைக்கு யாராவது வந்தா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. பொட்டலத்துல வேற போட்டிருக்கோம்."

"தெரியும்."

"ஒரு பேட்சோடதை மட்டுமாவது விட்டுவைக்கலாமே."

"எல்லாம் சேத்தாத்தான் அவனுக்கு வெயிலு வர வரைக்கும் எட்டும். அலமாரியத் தொறட்டி."

கண்ணாடியில் அவர் கை வைக்கவே இல்லை. நான் திறந்தேன். மெழுகை உடைத்து, குப்பிகளில் இருந்ததை மணம் பார்த்து, ஒரு காய்ந்த டப்பாவில் சேர்த்துக் கொடுத்தோம். முதலில் கொஞ்சம் காய்ச்சி அங்கேயே கொடுத்தார்கள். குழந்தை குடித்தது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு குடித்தது. அந்தப் பெண் போவதற்கு முன் என் போன் எண்ணை வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து, "குடிக்கான், இப்ப தோசையும் பிய்ச்சுத் திங்கான்" என்று குரல் செய்தி அனுப்பினாள். பின்னணியில் குழந்தை கத்துவது கேட்டது. மழையும் விட்டது. எங்கள் கூடாரத்தில் காய் மறுபடி வெள்ளையாகக் காயத் தொடங்கியது.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு எந்தக் கேள்வியும் இருந்திருக்காது.

கன்னியாகுமரியில் சங்கு, பாசிமணிக் கடை வைத்திருக்கும் ஒருவர் போன் செய்தார். எங்கள் பொடிக் கூழைக் குடித்த பிறகு அவர் மகளுக்கு நிற்காமல் வாந்தி. குழந்தை இப்போது தேறிவிட்டது, ஆனால் அவர் கோபம் தேறவில்லை. அதற்குள் அவர் மனைவி, தாய்மார்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பொட்டலத்தின் படத்தைப் போட்டிருந்தார். மீதிப் பொடி எங்கே என்று கேட்டேன். குப்பையில் கொட்டிவிட்டாராம். பேட்ச் எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தார். அது நாங்கள் குப்பியைத் திறந்துவிட்ட பேட்சுகளில் ஒன்று.

"மாதிரி வச்சிருக்கோம்ணு கவருல போட்டிருக்கியளே, அதக் கொண்டாங்க. நான் வரேன், எனக்க முன்னால திறங்க" என்றார்.

போனை லீலாபாய் அக்காவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"மாதிரி இப்ப இல்லய்யா. சொகமில்லாத ஒரு பிள்ளைக்குக் குடுத்திட்டோம்."

"கத விடுதியளா?" என்றார் அவர்.

"இல்ல. உள்ளதச் சொல்லுதேன்."

"பூட்டி வச்ச மாதிரிய எடுத்து ஒரு பிள்ளைக்குக் குடுத்தாவளாம். கேக்கவன் கேணயனா இருந்தா என்னத்த வேணும்ணாலும் சொல்லுவிய." போனை வைத்துவிட்டார்.

என்னிடம் மண்டைக்காட்டுப் பெண்ணின் எண் இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குழுவிலேயே எழுதினால் இன்னும் நல்லது என்று அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேண்டாம். குடுத்திட்டு அவள சாட்சிக்கு இழுத்தா, அதுக்கா குடுத்தோம்ணு ஆவும்."

நான் அவளை அழைக்கவில்லை. அழைத்திருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன். அவளுக்கே சொல்ல விருப்பம் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொருவர் முடிவை மீறுவது எனக்கு வராது.

அந்த பேட்சுகளில் கடையில் எஞ்சியது எதுவும் இல்லை. வீடுகளில் இருப்பவற்றைத் திருப்பித் தரலாம், புதிய பொடி தருகிறோம் என்று எல்லாக் கடைகளிலும் எழுதி ஒட்டச் சொன்னார் அக்கா. காரணத்தையும் எழுதச் சொன்னார்: ஒரு புகார் வந்துள்ளது, மாதிரி எங்களிடம் இல்லாததால் பொடி நல்லது என்று காட்ட முடியவில்லை. நான் அந்த இரண்டாவது பாதியை விட்டுவிடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. குழித்துறைக் கடைக்காரர் அதை வாசித்துவிட்டு என்னிடம் சொன்னது மறக்காது.

"இனி கவருல அந்த வரிய மாத்துங்க மக்ளே. தானம் குடுத்தது போக மிச்சம் எங்களிடம் உள்ளதுண்ணு போடுங்க."

வாந்தி எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. பொடியால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, காட்டுவது வேறு. அந்தக் குழுவிலிருந்த பலர் வேறு பொடிக்கு மாறினார்கள். சில கடைகளில் எங்கள் இடத்தில் வேறு பொட்டலம் வந்தது. வேலை நாட்கள் குறைந்தன. செல்லத்தங்கம் அக்கா கொஞ்ச காலம் அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு, வேலைக்குப் போனார். போவதற்கு முன் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ள குடிச்சத நெனச்சா நல்லாத்தான் இருக்கு. எனக்க வீட்டு அடுப்ப நெனச்சா அவ்வளவு நல்லா இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து நெனைக்காண்டாம்ணு பாக்கேன்."

நான் அதைச் சேர்த்துத்தான் நினைக்கிறேன். அதுதான் என் சிரமம்.

பொடி வியாபாரம் மீண்டும் எழுந்தது. எப்படி என்று அஜிதா கேட்டாள். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. விளம்பரம் செய்யவில்லை, விலை குறைக்கவில்லை. மறுநாள் காலையில் கூழ் காய்ச்சினோம். அதற்கு மறுநாளும் காய்ச்சினோம். குப்பியில் அடைத்து மெழுகு வைத்தோம். ஆறு மாதக் குழந்தைகள் ஊரில் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. அவர்களின் தாய்மார்களுக்குப் பழைய கதை தெரியாது, அல்லது தெரிந்தாலும் பொடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்தார்கள். பழையவர்களிலும் சிலர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி மட்டும் போனில் காரணம் சொன்னாள்: "மாதிரி இல்லண்ணு நீங்களே எழுதி ஒட்டுனீங்கல்லா, அதான்." செல்லத்தங்கம் அக்காவும் திரும்பி வந்துவிட்டார், கூழைத் திட்டிக்கொண்டே.

அந்த ஒருத்தியின் வார்த்தையை வைத்து, எல்லாம் நன்மைக்கே என்று நான் முடித்துவிட முடியாது. அவள் ஒருத்தி. போனவர்கள் நிறைய. குப்பி இருந்திருந்தால், கன்னியாகுமரிக்காரர் முன்னால் உடைத்துக் காட்டியிருந்தால், அவர் மகளுக்கு என்ன ஆயிற்று என்று அவரும் வேறு இடத்தில் தேடியிருப்பார். அதுவும் ஒரு குழந்தைக்குச் செய்யும் நன்மைதானே. நமக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்காக, முகம் தெரியாத மற்ற குழந்தைகளுக்குச் சொன்ன வாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டோமா? அல்லது கண் முன்னால் பசித்திருக்கும் குழந்தைக்குக் கொடுக்கமாட்டாத பொடியை எந்தக் குழந்தைக்காகப் பூட்டி வைப்பது? இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன்.

இப்போது எனக்கு ஒரு மகள், ஒன்பதாவது மாதம். நான் எப்போதும் பயந்துகொண்டிருப்பவள். அவள் ஒரு வாய் குறைவாகக் குடித்தால் நாள் முழுக்க அதையே யோசிப்பேன். அவள் குடிப்பது எங்கள் பொடிதான். கஞ்சியும் குடிப்பாள், சிணுங்கிக்கொண்டு. பழம் கொடுத்தால் பாதியைத் தரையில் தேய்ப்பாள். ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இந்த வருஷமும் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இப்போது பலரும் மின்சார உலர்த்தி வாங்கிவிட்டார்கள். லீலாபாய் அக்கா வாங்கவில்லை. பொடி நின்றுவிட்டது. என் டப்பாவும் நேற்று காலியானது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அஜிதாவிடம் பேசும்போது வாய்தவறிக்கூடச் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அஜிதா ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தாள். பையிலிருந்து மூன்று குப்பிகளை எடுத்து மேசையில் வைத்தாள். மெழுகு உடையவில்லை. மேலே அவள் கையெழுத்து.

"இதென்னட்டி?"

"அக்கா தந்து விட்டாவ. பாப்பாவுக்கு."

"நீ கேட்டியா?"

"நான் ஒண்ணும் கேக்கல்ல. அவளுக்கு இப்ப தீந்திருக்கும்ணு அவியளே கணக்குப் போட்டுச் சாவியக் கேட்டாவ."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னேன். நீங்க அன்னைக்கு அக்காட்ட சொன்னதா முன்ன ஒருநாள் சொன்னீங்கல்லா, அதையேதான் சொன்னேன். அதுக்கு அவிய, அந்தப் பிள்ள இதுக்காவ இத்தன வருசம் உழைச்சவளுக்க பிள்ளண்ணு சொல்லிட்டாவ. எக்கா, இது எந்த பேட்ச்ணு பாத்தீங்களா? இப்ப எல்லா வீட்டுலயும் இருக்கது."

அவள் போய்விட்டாள். குப்பிகள் அடுப்பு மேடையில் இருக்கின்றன. திருப்பிக் கொடுத்தால் அக்கா மனம் நோகும். எனக்குக் கொடுப்பதற்கென்று அவர் யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான். திறந்தால், நாளை யாராவது அஜிதாவிடம் மாதிரியைக் காட்டச் சொல்லும்போது அவள் என்ன சொல்வாள்? மண்டைக்காட்டுக் குழந்தைக்கு வேறு வழி இருக்கவில்லை. என் மகளுக்குச் சிணுங்கல் மட்டும்தான். இதுவரை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் கஞ்சியைத் துப்பும்போது இந்தத் தெளிவு என்னிடம் நிற்பதில்லை. காலையில் ஒரு குப்பியின் மெழுகில் நகத்தை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். "காலையில்" என்று எழுதியது பொய். குப்பி வந்ததே மத்தியானம்தான். நகத்தை வைத்தது சற்று முன்பு, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே.

பிள்ளை வளர்த்தவர்கள், பிறர் பிள்ளைகளுக்கு உணவு செய்து விற்கிறவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். இந்த மூன்று குப்பிகளை நான் என்ன செய்வது? அக்காவின் மனம் நோகாமல் திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். மழை நிற்பதற்கு முன் எழுதுங்கள். நின்றால் புதுப் பொடி வந்துவிடும், பிறகு இந்தக் குப்பிகள் எனக்குத் தேவையில்லை, அலமாரிக்குத்தான் தேவை.